கணக்கும் பாராட்டும்: கிராம சபை நடைமுறை குறித்த ஒரு விளக்கம் – வெள்ளானூர்ச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் கிராம சபைக் கூட்டங்களில் இருவகைப் பணிகள் நடைபெறுகின்றன. ஊராட்சியின் வரவு செலவு, திட்டம், தணிக்கை ஆகியவற்றை மக்கள் முன் வைப்பது ஒன்று. ஊருக்கு உழைத்தோரையும் ஊர் அடைந்த முன்னேற்றத்தையும் போற்றுவது மற்றொன்று. முன்னது சட்டத்தில் வேரூன்றியது. பின்னது அண்மைக்கால அரசாணைகளாலும் ஊர் வழக்கத்தாலும் வளர்ந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள உறவைத் திருவள்ளூர் மாவட்டம் வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த வெள்ளானூர் போன்ற புறநகர் ஊராட்சிகளின் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. பாராட்டு என்பது கூட்டத்தின் அலங்காரப் பகுதி அன்று. ஊரில் யாருக்கு மதிப்பு உண்டு என்பதைப் பொதுவில் உறுதிசெய்யும் செயல் என்பதையும், ஊராட்சி நகர அமைப்பாக மாறுகையில் இச்செயலுக்குரிய களமே மாறிவிடுகிறது என்பதையும் கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கிராம சபை, ஊராட்சி, உள்ளாட்சிகள் தினம், தீர்மானம், சமத்துவப் பெருவிழா, பகுதி சபை, வெள்ளானூர்

முன்னுரை

உள்ளாட்சி குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளில் சென்றுள்ளன. ஒன்று, உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைச் சான்றாகக் கொண்டு பண்டைய ஊராட்சி மரபை விளக்குவது. மற்றொன்று, 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்திற்குப் பிந்தைய அதிகாரப் பரவலை அளவிடுவது. கூட்டம் நடைபெறும் அந்த ஒரு நாளில் என்ன நிகழ்கிறது, எந்த வரிசையில் நிகழ்கிறது, யார் பெயர் ஒலிக்கிறது என்பவை போதிய கவனம் பெறவில்லை. வரவு செலவு வாசிக்கப்படும் அதே பந்தலில்தான் தூய்மைக் காவலருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது. இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வெள்ளானூரின் ஆட்சிச் சூழல்

வெள்ளானூர் ஆவடிக்கு வடக்கே அமைந்துள்ள ஊராட்சி. அது வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தில் அடங்கும். அவ்வொன்றியத்தின் பெயரே சென்னைப் புறநகரின் வரலாற்றைச் சொல்வதாக உள்ளது. வில்லிவாக்கம் என்னும் ஊர் நெடுங்காலமாகச் சென்னை மாநகராட்சியின் பகுதி. ஊரகப் பகுதிகளை ஆளும் ஒன்றியத்திற்கு நகரத்துக்குள் மறைந்துவிட்ட ஓர் ஊரின் பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. மோரை, பாலவேடு, பம்மதுகுளம், அயப்பாக்கம், வானகரம், அடையாளம்பட்டு முதலியன இவ்வொன்றியத்தின் பிற ஊராட்சிகள். இவற்றுட் சில ஏரியும் வயலும் சூழ்ந்தவை. சில அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்தவை.

இவ்வூராட்சிகளைச் சுற்றியுள்ள நகர எல்லை தொடர்ந்து நகர்ந்து வந்துள்ளது. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 42 உள்ளாட்சி அமைப்புகள் அதனுடன் இணைந்தன. அம்பத்தூர் நகராட்சி அவற்றுள் ஒன்று. 2019-இல் ஆவடி நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஆகவே வெள்ளானூர் போன்ற ஊராட்சியில் வாழ்வோர் நகரத்தின் விளிம்பில் வாழ்ந்துகொண்டே, சட்டப்படி ஊரகக் குடிமக்களாக இருக்கின்றனர். தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர், குப்பை ஆகிய நகரச் சிக்கல்களை ஊராட்சி என்னும் சிறிய அமைப்பு எதிர்கொள்கிறது. தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடும்பங்களும், மனை வாங்கிக் குடியேறியோரும், வேலை தேடி வந்து வாடகைக்குத் தங்கியோரும் ஒரே ஊராட்சியில் உள்ளனர். இவர்களுள் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற அனைவரும் ஒருவர்க்கொருவர் முகம் பார்த்து ஊர்க்காரியம் பேசச் சட்டம் அளித்துள்ள களம் கிராம சபை ஒன்றே.

2. கிராம சபையின் சட்ட அமைப்பு

அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 243(ஆ) பிரிவு ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பதிவுபெற்ற அனைவரையும் கொண்ட அமைப்பே கிராம சபை என வரையறுத்தது. அதனையொட்டி இயற்றப்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, தன் மூன்றாம் பிரிவில் கிராம சபைக்கு இடமளித்தது. ஊர்த் திட்டத்திற்கும் வரவு செலவுத் திட்டத்திற்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் அளித்தல், பணிகளின் முன்னேற்றத்தை ஆராய்தல் ஆகியவை சபையின் கடமைகள். ஒரு கூட்டத்திற்கும் அடுத்த கூட்டத்திற்கும் இடையே ஆறு மாதங்களுக்கு மேல் இடைவெளி இருத்தல் கூடாது.

ஊராட்சி மன்றமும் கிராம சபையும் வெவ்வேறானவை என்பது பலராலும் மறக்கப்படும் வேறுபாடாகும். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் அடங்கிய மன்றம் ஐந்தாண்டுக் காலம் கொண்டது. தேர்தலால் உருவாகி, காலம் முடிந்ததும் கலைவது. கிராம சபைக்குத் தேர்தல் இல்லை, பதவிக்காலம் இல்லை, கலைப்பும் இல்லை. பதினெட்டு வயது நிரம்பி வாக்காளராகப் பதிவுபெறும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினராகிவிடுகின்றனர்.

இவ்வேறுபாடு நூல்வழிப்பட்ட நுட்பம் மட்டும் அன்று. தமிழகத்தில் 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தபின், 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடைபெறும் வரை ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. திருவள்ளூர் மாவட்டம் அந்த 27-இல் ஒன்று. அத்தேர்தலில் வென்றோர் 2020 சனவரியில் பொறுப்பேற்றனர். அவர்களின் காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தது. மீண்டும் தனி அலுவலர் ஆட்சி தொடங்கியது. இத்தகைய இடைவெளிகளில் தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை. எனினும் கிராம சபை உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி எவரும் இல்லாத காலத்தில் ஊரின் சார்பாகச் சட்டப்படி பேசத்தக்க ஒரே குரலாக அது நிற்கிறது.

தமிழகத்தில் குடியரசு நாள் (சனவரி 26), தொழிலாளர் நாள் (மே 1), விடுதலை நாள் (ஆகஸ்டு 15), காந்தியடிகள் பிறந்தநாள் (அக்டோபர் 2) ஆகிய நான்கு நாள்களில் கிராம சபை கூடுவது வழக்கம். 2022-இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சிகள் தினமாக அறிவிக்கப்பட்ட நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டு, கூட்டங்களின் எண்ணிக்கை ஆறாக உயர்ந்தது. இந்நாள்கள் அனைத்தும் ஏதோ ஒன்றைக் கொண்டாடும் நாள்கள் என்பது கருதத்தக்கது. கணக்குக் கேட்கும் கூட்டத்தை விழா நாளோடு பிணைத்ததன் வழியாகக் கணக்கும் கொண்டாட்டமும் ஒரே நாளின் இரு முகங்களாயின.

3. கூட்டத்திற்கு அழைத்தலும் கூடுதலும்

கூட்டத்தின் முதல் செயல் அழைப்பு. நாள், இடம், நேரம், பேசப்படும் பொருள்கள் ஆகியவற்றை ஊரார் முன்கூட்டியே அறியச் செய்தல் வேண்டும். பல ஊர்களில் தண்டோரா வழியாகவே இவ்வறிவிப்பு நெடுங்காலம் செய்யப்பட்டு வந்தது. பறை அறைந்து அறிவிக்கும் கடமை குறிப்பிட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்ததால், அனைவரும் சமம் என்னும் கொள்கையில் கூடும் சபைக்கான அழைப்பே சமமின்மையைச் சுமந்து ஒலித்தது. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தில் தண்டோரா முறையைக் கைவிட்டு, வாகனங்களில் ஒலிபெருக்கி கொண்டு அறிவிக்குமாறு அறிவுறுத்தினார். கூட்டத்தின் உள்ளடக்கம் மட்டுமன்றி அதன் வடிவமும் மதிப்பைப் பகிர்கிறது அல்லது மறுக்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

அடுத்தது வருகை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், 10,000-க்கு மேல் 300 பேரும் வருகை தந்தால்தான் குறைவெண் நிறைவுபெறும். சிற்றூரில் இவ்வெண் பெரிய பங்கு. புறநகர் ஊராட்சியில் சிறிய பங்கு. ஆயினும் புறநகரில்தான் அதனை எட்டுவது கடினம். விடுமுறை நாளில் சொந்த ஊருக்குச் செல்வோர், ஊராட்சி அலுவலகம் எங்குள்ளது என்றே அறியாதோர், வாக்காளர் பெயரைப் பிறந்த ஊரிலேயே வைத்திருப்போர் என வாராமைக்குப் பல காரணங்கள் உண்டு. இத்தகைய ஊராட்சியில் கூட்டத்திற்கு வரும் பழக்கத்தைத் தாங்கி நிற்போர் பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் வேலை உறுதித் திட்டத்தில் பணியாற்றிய பெண்களுமே.

4. கணக்கு: கூட்டத்தின் முதுகெலும்பு

கூட்டப் பொருள்களுள் முதன்மையானது வரவு செலவு. வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் முதலிய சொந்த வருவாயும், மாநில, ஒன்றிய நிதிக்குழுக்களின் மானியமும் ஊராட்சியின் நிதி ஆதாரங்கள். பொதுநிதி, மின்கட்டணம் மற்றும் குடிநீர்க் கட்டணம் செலுத்துவதற்கான நிதி, திட்ட நிதி எனத் தனித்தனிக் கணக்குகள் பேணப்படுகின்றன. பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் ஆகிய இருவரின் ஒப்புதல் தேவை. பதிவேடுகளைப் பேணுபவர் ஊராட்சிச் செயலர். மேற்பார்வை செய்பவர் கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலர். ஊராட்சிகளின் ஆய்வாளராக விளங்குபவர் மாவட்ட ஆட்சியர்.

இருவர் ஒப்பமிடும் ஏற்பாடு முறைகேட்டைத் தடுப்பதற்காக வந்தது. ஆனால் அதுவே ஒடுக்கும் கருவியாகவும் பயன்பட இடமுண்டு. தனித்தொகுதியில் வென்ற தலைவர் கொண்டுவரும் பணிகளுக்குத் துணைத் தலைவர் கையொப்பம் மறுத்தால் ஊராட்சி முடங்கும். முடக்கத்தின் பழி தலைவர் மீதே விழும். இந்நிலையில் கணக்கைக் கிராம சபையில் வெளிப்படையாக வைத்து, எந்தப் பணி எதனால் நின்றது என்பதைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றுவதே தலைவருக்குள்ள வலுவான பாதுகாப்பு.

கணக்குக்கும் மதிப்புக்கும் உள்ள இந்த உறவு தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதற் பராந்தகனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் அம்முறையில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் இடப்பெறும் தகுதியை இழந்தனர். பொறுப்பு என்னும் சிறப்பைப் பெறக் கணக்கு முன்நிபந்தனையாக இருந்தது.

எனினும் உத்திரமேரூர்ச் சபையை இன்றைய கிராம சபையின் நேர் முன்னோடியாகக் காண்பது பிழையாகும். அது பிரமதேயச் சபை. குறிப்பிட்ட அளவு நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆடவர்க்கே அதில் இடம். இன்றைய சபையோ நிலமற்றோரையும் பெண்களையும் முன்பு ஊர்ப்பொதுவுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரையும் உறுப்பினராகக் கொண்டே பிறந்தது. கணக்குக் கேட்கும் மரபைப் பழையதாகக் கொள்ளலாம். கேட்பவர் யார் என்பது புதியது. இப்புதுமையை முழுமையாக்கும் வகையில், 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்களுக்கான இடஒதுக்கீடு, 2016-இல் திருத்தப்பட்டு, 2019 தேர்தலில் பாதியாக நடைமுறைப்படுத்தப்பட்டது.

5. பாராட்டு: கூட்டத்தின் மற்றொரு பகுதி

கணக்கும் திட்டமும் பேசப்பட்டபின், அல்லது சில ஊர்களில் அவற்றுக்கு முன்பே, பாராட்டு இடம்பெறுகிறது. பொதுத்தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்ற அரசுப் பள்ளி மாணவர், போட்டியில் வென்ற விளையாட்டு வீரர், வங்கிக் கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்திய மகளிர் குழு, ஏரிக்கரையில் பனைவிதை ஊன்றிய இளைஞர்கள் ஆகியோர் சிறப்பிக்கப்படுகின்றனர். நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கூட்டம் இவ்வழக்கத்திற்கு அரசு ஏற்பைத் தந்தது. தூய்மைப் பணியாளர், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர் முதலிய ஊராட்சிப் பணியாளர்களையும் சிறப்பாகச் செயல்படும் மகளிர் சுய உதவிக் குழுக்களையும் கிராம சபையில் சிறப்பித்தல் கூட்டப் பொருள்களுள் ஒன்றாயிற்று. சிறந்த ஊராட்சிகளுக்கான உத்தமர் காந்தி விருது மீண்டும் வழங்கப்படும் என்னும் அறிவிப்பும் 2022-இல் வெளியாயிற்று.

இவ்விரு வகைப் பாராட்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு. தேர்வில் வென்ற மாணவரைப் போற்றுகையில் ஊர் தன் பெருமையைக் காண்கிறது. அவ்வெற்றி ஏற்கெனவே உலகறிந்தது. தொட்டி இயக்குபவரைப் போற்றுகையில் ஊர் தன் கடனை ஒப்புக்கொள்கிறது. அவர் விடியுமுன் வால்வைத் திறப்பதனால்தான் தெருக்குழாயில் நீர் வருகிறது. ஆனால் நீர் வராத நாளில் மட்டுமே அவர் பெயர் நினைவுக்கு வரும். குப்பை தரம் பிரிக்கும் தூய்மைக் காவலரின் நிலையும் இதுவே. அன்றாடம் நிகழ்வதனாலேயே கண்ணுக்குப் புலப்படாது போகும் உழைப்பை, ஆண்டுக்கொரு முறையேனும் பெயர் சொல்லி அழைப்பதே இரண்டாம் வகைப் பாராட்டின் சிறப்பு.

ஆயின் பொன்னாடை ஊதியத்திற்கு ஈடாகாது. தூய்மைக் காவலரின் ஊதியம், கையுறை, வாகனப் பழுது ஆகியவை அதே கூட்டத்தின் கணக்குப் பகுதியில் பேசப்படவில்லையெனில், பாராட்டு அவற்றை மறைக்கும் திரையாகிவிடும். பாராட்டும் கணக்கும் ஒரே கூட்டத்தில் இருப்பதன் நன்மை இங்கேதான் புலப்படுகிறது. சிறப்பிக்கப்பட்டவர் அதே அவையில் எழுந்து தன் குறையைக் கூறும் உரிமையும் உடையவர். ஏனெனில் அவர் விருந்தினர் அல்லர், சபையின் உறுப்பினர்.

6. மதிப்பு மறுக்கப்பட்ட இடங்கள்

பாராட்டு எவ்வளவு ஆழமான சமூகச் செயல் என்பதை, அது மறுக்கப்பட்ட ஊர்களின் வரலாறே நன்கு உணர்த்துகிறது. 1996-இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்த ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் அங்கு முறையான தேர்தல் நடைபெறவில்லை. வேட்புமனு இல்லாமற் போனது, அல்லது வென்றவர் உடனே பதவி விலகினார். இதே காலத்தில் மேலவளவில் ஒதுக்கீட்டின்வழித் தலைவரான முருகேசன் உள்ளிட்ட அறுவர் 1997 சூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டனர். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் யார் அமர்வது என்பது உயிரை விலையாகக் கேட்கும் வினாவாக இருந்தது.

2006-இல் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடைபெற்றது. அன்றைய மதுரை மாவட்ட ஆட்சியர் த. உதயச்சந்திரன் ஊர் ஊராகச் சென்று நடத்திய பேச்சுவார்த்தைகள் அதில் பெரும்பங்கு வகித்தன. அவ்வாண்டு நவம்பரில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி தலைமையில் சென்னையில் நடைபெற்ற சமத்துவப் பெருவிழாவில் நான்கு தலைவர்களும் சிறப்பிக்கப்பட்டனர். தேர்தல் நடைபெறுவது இயல்பான நிகழ்வு. அதனை விழாவாகக் கொண்டாட வேண்டியிருந்தது என்பதே நிலைமையின் கொடுமையைக் காட்டுகிறது. ஆயினும் அவ்விழாவுக்கு ஒரு பயன் இருந்தது. ஊரில் மதிப்பு மறுக்கப்பட்டவர்க்கு மாநிலம் மதிப்பளித்தது. தேர்தலுக்கு இசைந்த ஊராரையும் அம்மதிப்பில் பங்குபெறச் செய்தது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாப்பாபட்டிக் கிராம சபையில் கலந்துகொண்டார். தேர்தலே நடக்காத ஊர் என்று அறியப்பட்ட ஓரிடம் கிராம சபை கூடும் ஊராக நாடெங்கும் காட்டப்பட்டது.

இத்தகைய மறுப்பு தென்மாவட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. வெள்ளானூர் அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஆத்துப்பாக்கம் ஊராட்சியில், 2020 விடுதலை நாளில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் கொடியேற்ற முடியாத நிலை ஏற்பட்டது. செய்தி வெளியானபின் மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, சில நாள்களில் அவரையே கொடியேற்றச் செய்தது. 2022 விடுதலை நாளை முன்னிட்டுத் தலைமைச் செயலாளர், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் எவ்விதப் பாகுபாடுமின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடிக்கயிற்றை இழுப்பதில் நிதியோ நிருவாக அதிகாரமோ இல்லை. அது முழுக்க மதிப்பு சார்ந்த செயல். அதனாலேயே அது தடுக்கப்பட்டது. விழாப் பகுதியைக் கூட்டத்தின் புறணியாகக் கருதும் ஆய்வு இத்தடுப்பின் பொருளை விளங்கிக்கொள்ள இயலாது.

7. தீர்மானத்தின் வலிமையும் எல்லையும்

ஊரின் மதிப்பையும் விருப்பத்தையும் நிலைபெறச் செய்வது தீர்மானம். பேச்சு காற்றோடு போகும். தீர்மானப் பதிவேட்டில் எழுதி ஊரார் கையொப்பமிட்டது சான்றாக நிற்கும். அதன் வலிமையை அறிய மூன்று ஊர்கள் உதவுகின்றன.

முதலாவது, பூந்தமல்லி ஒன்றியத்தின் குத்தம்பாக்கம். வேதிப் பொறியாளரான இளங்கோ ரங்கசாமி 1996-இல் அவ்வூராட்சியின் தலைவரானார். பட்டியல் சாதியினரும் பிறரும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளைக் கொண்ட சமத்துவபுரம் அங்கு அமைந்தது. உள்ளூரில் கிடைத்த பொருளைக் கொண்டு மலிவாகப் பணி செய்ததில் விதிமுறை மீறப்பட்டதாகக் கூறி அவர் தற்காலிகமாகப் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டபோது, கிராம சபை கூடி அவர் மீது நம்பிக்கை தெரிவித்தது. பின்னர் அவர் மீண்டும் பொறுப்பேற்றார். பாராட்டுத் தீர்மானமே பாதுகாப்பாக மாறிய நிகழ்வு இது. கணக்கைத் தொடர்ந்து மக்கள் முன் வைத்ததால்தான் மக்கள் அவருக்காகச் சான்று பகர முடிந்தது.

இரண்டாவது, மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி. பண்டைய குடைவரையும் சமணப் படுகைகளும் தமிழிக் கல்வெட்டும் நீர்ச்சுனைகளும் கொண்ட அப்பகுதி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏல உரிமம் வழங்கப்பட்டதும், சுற்றுப்புற ஊராட்சிகளின் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. பேரணியும் சட்டப்பேரவைத் தீர்மானமும் தொடர்ந்தன. 2025 சனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை இரத்து செய்தது. ஊரின் இயற்கைச் செல்வத்தை முன்பே பெயரிட்டுப் போற்றியிருந்தமை அதனைக் காக்கும் வாதத்திற்கு வலுச்சேர்த்தது.

மூன்றாவது, காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏகனாபுரம். 2022-இல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டது முதல் அவ்வூர்க் கிராம சபை பலமுறை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியும் திட்டம் கைவிடப்படவில்லை. கிராம சபைத் தீர்மானம் தன்னளவில் அரசைக் கட்டுப்படுத்தும் ஆணை அன்று. அது சான்று, அரசியல் சூழலும் சட்டப் பின்புலமும் துணைநின்றால் வலுப்பெறும் சான்று. இவ்வெல்லையை மறைத்துக் கிராம சபையை முழு அதிகார அமைப்பாகச் சித்திரிப்பது மக்களை ஏமாற்றத்திற்கே இட்டுச்செல்லும்.

8. ஊராட்சி நகரமாகும்போது

புறநகர் ஊராட்சிகளுக்கு மேலும் ஒரு வினா உண்டு. நாளை அருகிலுள்ள மாநகராட்சியோடு இணைந்தால் கிராம சபை என்னவாகும்? அரசியலமைப்பின் ஒன்பதாம் பகுதி ஊரகத்துக்குரியது. நகரங்களை 74-ஆம் திருத்தத்தின்வழி வந்த ஒன்பது-அ பகுதி ஆள்கிறது. அதில் வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் சபை இல்லை. வார்டுக் குழுவே உண்டு. இக்குறையை ஈடுசெய்யும் வகையில் தமிழகத்தில் 2022-இல் வார்டுக் குழு, பகுதி சபை விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் நடைபெற்ற கூட்டத்தில் முதலமைச்சர் கலந்துகொண்டார்.

பகுதி சபை வரவேற்கத்தக்க முயற்சியே. ஆனால் அது கிராம சபைக்கு நிகரன்று. கிராம சபை ஊர்த்திட்டத்திற்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் அளிக்கும் இடம். பகுதி சபை தேவைகளை எடுத்துரைக்கும் இடம். மாநகராட்சியின் வரவு செலவு மாமன்றத்தில் முடிவாகிறது. அங்கே குடிமகன் பார்வையாளன். வெள்ளானூர் அளவிலான ஓர் ஊர், மாநகராட்சியின் ஓரிரு வார்டுகளாகச் சுருங்கும்போது, அதன் தொட்டி இயக்குபவரும் தூய்மைக் காவலரும் பெருந்திரளான ஒப்பந்தப் பணியாளருள் பெயரற்றோராகக் கரைவர். மறுபுறம், பாதாளச் சாக்கடை, சாலை, முறையான குடிநீர் வழங்கல் ஆகியவற்றுக்கு வேண்டிய நிதியையும் பொறியியல் ஆற்றலையும் சிற்றூராட்சியால் திரட்ட இயலாது என்பதும் உண்மை. நகரத்தோடு இணைவதை விரும்பும் குடியிருப்போரின் வாதம் இதன்மேல் நிற்கிறது. வேலை உறுதித் திட்டம் ஊரகத்துக்கே உரியது என்பதால் இணைப்பை எதிர்க்கும் கூலித் தொழிலாளரின் வாதமும் அதே அளவு உண்மையானது. ஓரூரில் வாழும் இவ்விரு சாராரும் தத்தம் நியாயத்தை ஒருவர் முன் ஒருவர் கூறத்தக்க இடமும், இணைப்பு நிகழும் வரை, கிராம சபையே.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் சில கருத்துகள் தெளிவாகின்றன. கிராம சபையில் கணக்கும் பாராட்டும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. கணக்கு நம்பிக்கையை ஈட்டுகிறது, பாராட்டு அந்நம்பிக்கையைப் பெயர்களின்மீது நிறுத்துகிறது. கணக்கில்லாப் பாராட்டு வெறும் விளம்பரமாகும். பாராட்டில்லாக் கணக்கு உழைத்தவர் முகத்தை மறைத்த எண்ணாகும். தலைவர் நாற்காலியும் கொடிக்கயிறும் தண்டோராவும் பொன்னாடையும் ஊரில் மதிப்பு பகிரப்படும் முறையைக் காட்டும் சான்றுகள் ஆதலின், அவை உள்ளாட்சி ஆய்வின் மையப் பொருளாகத்தக்கவை.

இவ்வகையில் தீர்மானப் பதிவேடுகள் இதுவரை முறையாகப் பயன்படுத்தப்படாத ஆய்வு மூலங்கள். யாரை, எதற்காக, எந்தச் சொற்களால் ஓர் ஊர் போற்றியது என்பது அவற்றில் பதிவாகியுள்ளது. யார் பெயர் ஒருபோதும் இடம்பெறவில்லை என்பதும் அவற்றிலிருந்தே அறியத்தக்கது. ஊராட்சி நகர அமைப்போடு இணையும்போது இப்பதிவேடுகள் சிதறும் வாய்ப்பு மிகுதி. கல்லில் வெட்டப்பட்டதால் உத்திரமேரூர்ச் சபையின் விதிகள் ஆயிரமாண்டு கடந்தும் படிக்கக் கிடைக்கின்றன. காகிதத்தில் எழுதப்பட்ட வெள்ளானூரின், பாலவேட்டின், மோரையின் தீர்மானங்களுக்கு அத்தகைய காவல் இல்லை. அவற்றைத் திரட்டி, மின்படியாக்கி, மாவட்ட ஆவணக் காப்பகங்களில் சேர்ப்பது காலத்தால் செய்யவேண்டிய பணி. சென்னையின் மேற்கு, வடமேற்குப் புறநகர்களில் அப்பணிக்கு எஞ்சியுள்ள காலம் குறைவு.